தத்தெடுக்கும் முன் வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டியவை

தத்தெடுப்பது பற்றி ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். அவரது நிலைமை சுருக்கமாக இது. அவருக்கு 38 வயது, கணவருக்கு 41. செயற்கைக் கருத்தரிப்பு சில சுற்றுகள் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். சிங்கப்பூரின் செங்காங்கில் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, மாமியார் கூடவே இருக்கிறார். கணவன் மனைவி இருவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் கணவரின் தங்கைக்கு மூன்று பெண்கள். நான்கு வயதுக் கடைக்குட்டியை அழைத்து வந்துவிடலாம், "நம்ம ரத்தம்" என்கிறார் மாமியார். இவருக்கோ கைக்குழந்தை வேண்டும். ஏஜென்ட் ஒருவர் இந்தோனேசியாவிலிருந்து ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். எதையெல்லாம் யோசிக்க வேண்டும், வெளியே தெரியாமல் செய்ய முடியுமா என்பது கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதைச் சுற்றித்தான் இருக்கிறது. முடியாது. முயலவும் கூடாது.

தத்தெடுப்பு ஆணை வந்தபின் குழந்தைக்குப் புதிய பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும். பெற்றோர் என்ற இடத்தில் உங்கள் பெயர்கள் இருக்கும். அதைக் கையில் வாங்கியதும், இனி யாருக்கு என்ன தெரியப்போகிறது என்ற எண்ணம் பலருக்கு வந்துவிடுகிறது. தெரிந்தவர்கள் சுற்றிலும்தான் இருக்கிறார்கள்: மாமியார், கொழுந்தனார், பணிப்பெண், நீங்கள் கர்ப்பமாகவே இல்லாமல் திடீரென்று தொட்டில் வந்ததைக் கவனித்த எதிர்வீட்டு மலாய்க்கார மாக்சிக். பெரியவர்கள் கட்டிக் காக்கும் ரகசியம் ஒரு சண்டையிலோ, சாவு வீட்டிலோ, சொத்து பிரிக்கும் நாளிலோ வெளியே வரும். அன்று பிள்ளைக்குப் பதினைந்து வயது என்று வையுங்கள். தான் தத்துப்பிள்ளை என்பதை அவன் எப்படியோ தாங்கிக்கொள்வான். இத்தனை வருடம் அம்மாவும் அப்பாவும் பொய் சொன்னார்கள் என்பதைத்தான் தாங்க மாட்டான். குடும்பநலப் பணியில் இருந்த காலத்தில் நான் பார்த்த கசப்பான வழக்குகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்கின.

சட்டமும் இந்தத் திசையில் நகர்ந்துவிட்டது. 1939ஆம் ஆண்டின் பழைய தத்தெடுப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2022இல் புதுச் சட்டம் நிறைவேறி, 2024 அக்டோபர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. இப்போது தத்தெடுப்புக்கு முந்தைய விளக்க அமர்வோடு, குழந்தையிடம் உண்மையை எப்படிச் சொல்வது என்பதற்கென்றே ஓர் அமர்விலும் கலந்துகொண்டாக வேண்டும்.

நம் ஊரிலேயே மறைக்க முடியாத தத்தெடுப்புக்குப் பழைய வரலாறு உண்டு. போருக்கு முன்பும் பின்பும், வறுமையாலும் பெண் குழந்தை அதிகமாகிவிட்டது என்பதாலும் புலி ஆண்டில் பிறந்தவள் ஆகாது என்ற நம்பிக்கையாலும் சீனக் குடும்பங்கள் கொடுத்துவிட்ட பெண் குழந்தைகளைத் தமிழ், மலாய்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. அந்தப் பெண்கள் பாவாடை தாவணி கட்டி, வீட்டில் தமிழ் பேசி, தமிழரையே மணந்து, பேரன் பேத்தி எடுத்தார்கள். முகமே சொல்லிவிடுவதால் அங்கே ரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. சில வீடுகளில் அவள் மகளா, வீட்டு வேலைக்கு வந்தவளா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலையும் இருந்தது. பலரிடம் ஒழுங்கான காகிதமும் இல்லை. ஆனால் உண்மை தெரிந்தே வளர்ந்த பிள்ளை அதனாலேயே கெட்டுப்போகாது என்பதற்கு அந்தப் பாட்டிகள் சாட்சி.

சொல்வது எப்போது? பேச்சு புரியத் தொடங்கும் முன்பிருந்தே. ஒருநாள் உட்காரவைத்து அறிவிக்கும் செய்தியாக வைத்திருந்தால் அந்த நாள் தள்ளித் தள்ளிப் போகும். தாலாட்டும்போதும் படம் காட்டும்போதும் "நீ வேற ஒரு அம்மா வயித்துல பிறந்தே, நாங்க உன்னைத் தேடி வந்தோம்" என்பது வீட்டுப் பேச்சாகிவிட வேண்டும். முதல் சில தடவை நாக்கு குழறும். குழந்தைக்கு விவரம் தெரிவதற்குள் உங்களுக்குப் பழகிவிடும். சீக்கிரம் தொடங்குவதில் இந்த லாபமும் இருக்கிறது. இன்னொன்று: நம் வீடுகளில் பிள்ளைகளைச் சீண்ட "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்லும் பழக்கம் இருக்கிறதே, அதை மாமாவும் சித்தியும் உங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வர வேண்டும்.

இனி, நீங்கள் ஏன் தத்தெடுக்கிறீர்கள் என்பது. மருத்துவமனைப் படி ஏறி இறங்கிய ஆண்டுகளுக்கான அழுகை முடிந்துவிட்டதா? முடியாமலும் இருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் வரப்போகும் குழந்தை, பிறக்காத குழந்தையின் இடத்தை நிரப்ப வருவதில்லை. "எங்களுக்கென்று பிறந்திருந்தால் இப்படியா இருப்பான்" என்ற ஒப்பீடு மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தால் பிள்ளை அதை மோப்பம் பிடித்துவிடும். உள்ளுக்குள் இன்னும் ஒரு சுற்று முயன்று பார்க்கும் ஆசை இருந்தால், அதை முதலில் முடித்துவிட்டு வாருங்கள். அதைவிட எனக்குக் கவலை, உங்கள் கடிதத்தில் கணவரின் விருப்பம் என்ன என்றே இல்லை. மாமியார் சொல்வது இருக்கிறது, நீங்கள் நினைப்பது இருக்கிறது. "அவளுக்காகத்தான் சரி என்றேன்" என்று சொல்லும் ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குழந்தை அடம்பிடிக்கும் வயதுக்கு வந்ததும் அவர்கள் மெல்ல விலகி நின்றுகொள்வார்கள். தகுதி மதிப்பீட்டுக்கு வரும் சமூக ஊழியர் உங்கள் இருவரிடமும் இதையெல்லாம் தோண்டிக் கேட்பார். அவர் கேட்கும் முன் நீங்களே ஒருவரை ஒருவர் கேட்டுவிடுங்கள்.

தங்கை மகள் விஷயத்துக்கு வருவோம். கேட்க எளிதாகத் தெரியும் இந்த வழிதான் இரண்டில் கடினமானது என்பேன். நான்கு வயதுக் குழந்தைக்கு அம்மா யார் என்று தெரியும். அக்காமார் இருவரும் அங்கேயே அம்மாவோடு இருக்க, தன்னை மட்டும் ஏன் விமானம் ஏற்றினார்கள் என்று அவள் கேட்பாள். இப்போது கேட்கத் தெரியாவிட்டாலும் பன்னிரண்டு வயதில் கேட்பாள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததால்தான் கொடுத்தார்கள் என்று அவள் ஒரு முடிவுக்கு வந்தால் அதை மறுக்க உங்களிடம் உண்மையான பதில் வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது யாரை அம்மா என்பது, யாரை அத்தை என்பது? நாத்தனாரோடு மனத்தாங்கல் வந்தால் "என் பிள்ளையைத் திருப்பிக் கொடு" என்ற ஒரு சொல் போதும், குழந்தை நிலைகுலைந்துபோக. தங்கை தானாகவே முன்வந்தாரா, மாமியார் முடிவு செய்துவிட்டாரா என்பதும் உங்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். நாத்தனாரோடு தனியாக, மாமியார் பக்கத்தில் இல்லாமல் பேசுங்கள்.

நீதிமன்றத்தின் கேள்வியும் இதுவே: நல்ல தாய் தகப்பன் இருக்கும்போது இந்தக் குழந்தைக்கு வேறு பெற்றோர் எதற்கு? சிங்கப்பூரில் படிக்கலாம், பின்னாளில் குடியுரிமை வாங்கலாம் என்பது தத்தெடுப்புக்கான காரணம் ஆகாது. படிப்புக்கு உதவ நினைத்தால் தஞ்சாவூருக்கே பணம் அனுப்பலாம். காகித வேலையும் லேசானதில்லை. இந்தியாவில் இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் உண்டு. அதன்படி ஊரில் தத்து கொடுத்து, பத்திரம் பதிவு செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று உறவினர்கள் சொல்வார்கள். அந்தப் பத்திரத்தை மட்டும் காட்டிக் குழந்தையை இங்கே அழைத்து வந்துவிட முடியாது. வெளிநாட்டுக்குக் குழந்தை போவதை இந்தியாவில் கவனிக்கும் மத்திய அமைப்பு காரா. நாடுவிட்டு நாடு தத்தெடுப்பதை ஒழுங்குபடுத்தும் ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையில் இந்தியா 2003இல் சேர்ந்தது. சிங்கப்பூர் அதில் இல்லை. ஆகவே இரண்டு பக்கத்து விதிகளும் தெரிந்த வழக்கறிஞரிடம் பேசும்வரை நாத்தனாருக்கு எந்த வாக்கும் கொடுக்காதீர்கள். அந்தச் சின்னப் பெண்ணிடம் "சிங்கப்பூர் போறியா" என்று விளையாட்டாகக்கூடக் கேட்க வேண்டாம்.

இப்போது ஏஜென்ட். 2025 ஜூலையில் இந்தோனேசியாவின் மேற்கு ஜாவா போலீசார் கைக்குழந்தைகளை வாங்கி விற்ற ஒரு கும்பலைப் பிடித்தார்கள். அந்தக் குழந்தைகளில் பலர் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டதாக அவர்கள் சொன்னார்கள். இங்கே அந்தக் குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சிய வீட்டார் கெட்ட எண்ணத்தோடு செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்களைப் போல ஏங்கியவர்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் ஏங்குகிறவர் கேள்வி கேட்க மாட்டார், அதை ஏஜென்ட் நன்றாக அறிவார்.

ஆகவே கேளுங்கள். தாய் யார், எந்த ஊர், ஏன் கொடுக்கிறார்? சம்மதப் பத்திரம் அவருக்குப் புரியும் மொழியில் இருக்கிறதா, யார் முன்னிலையில் கையெழுத்திட்டார்? தகப்பன் எங்கே? பிறந்த மருத்துவமனையின் ஆவணம் இருக்கிறதா, அதிலுள்ள தாயின் பெயரும் சம்மதப் பத்திரத்திலுள்ள பெயரும் ஒன்றா? கேட்கும் தொகையில் எது வழக்கறிஞருக்கு, எது மருத்துவத்துக்கு, எது அவருக்கு என்று எழுத்தில் பிரித்துக் கொடுப்பாரா? புதுச் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட செலவுகள் தவிர வேறு பணம் கைமாறுவது குற்றம். கொடுப்பவருக்கும் அது பொருந்தும். "இது எல்லாரும் செய்றதுதான் மேடம்" என்ற பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நிறத்துக்கும் ஆண் பெண்ணுக்கும் தகுந்தபடி தொகை மாறுகிறது என்று தெரிந்தால் ஒரு நிமிடமும் அங்கே உட்கார வேண்டாம். இந்தத் தாள்களை எல்லாம் நாளைக்குப் படிக்கப்போகிறவர் நீதிபதி மட்டும் இல்லை. உங்கள் பிள்ளை பெரியவனாகி, நான் எங்கிருந்து வந்தேன் என்று கேட்கும் நாளில் அவன் கையில் கொடுக்க உங்களிடம் இருக்கப்போவது இவைதான். தாயின் பெயர், ஊர், ஒரு புகைப்படம், கொடுத்த காரணம், கிடைப்பதை எல்லாம் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

உள்ளூரிலேயே பிறந்த குழந்தைகளும் தத்துக்கு வருவதுண்டு. அரசு பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. எண்ணிக்கை குறைவு, காத்திருப்பு நீளலாம். டச், ஃபெய் யுவே போன்ற சமூக சேவை அமைப்புகளிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களிடம் போனால், ஏஜென்ட் சொல்லாத பலவற்றையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

நடைமுறையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் இணையத்தளத்தில் விவரமாக இருக்கிறது. தத்தெடுப்பவருக்குப் பொதுவாக 25 வயதாவது இருக்க வேண்டும். குழந்தையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். சேர்ந்து விண்ணப்பிப்பதானால் கணவன் மனைவியாக இருக்க வேண்டும். விளக்க அமர்வுகள், பிறகு தகுதி மதிப்பீடு, பிறகு குழந்தையோடு பொருத்தம், பிறகு குடும்ப நீதிமன்றம். மதிப்பீட்டில் வருமானம், உடல்நலம், குற்றப் பின்னணி, வீட்டுச் சூழல் எல்லாம் பார்ப்பார்கள். வீட்டுக்கு வரும்போது அலமாரி அழகாக அடுக்கியிருக்கிறதா என்று யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை. சன்னல் கம்பி பாதுகாப்பாக இருக்கிறதா, குழந்தை எங்கே தூங்கும், மாமியார் என்ன நினைக்கிறார், இவைதான் கேள்விகள்.

வெளிநாட்டுக் குழந்தை என்றால் இங்கே தங்க முதலில் டிபெண்டன்ட்ஸ் பாஸ் என்ற அனுமதி வேண்டும். நீதிமன்ற ஆணை வந்துவிட்டாலே குழந்தை குடிமகனாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. குடியுரிமைக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும், அது கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. குடியுரிமையோ நிரந்தரவாசத் தகுதியோ வரும்வரை மெடிஷீல்டு லைஃப் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. பள்ளிக் கட்டணத்திலும் பெரிய வித்தியாசம். ஒரு காய்ச்சலுக்கு மருத்துவமனையில் சேர்த்தாலே அது தெரிந்துவிடும். சேமிப்பைக் கணக்குப் பார்க்கும்போது இதையும் சேருங்கள்.

உடல்நலம் பற்றி நேர்மையாகப் பேசிக்கொள்ளுங்கள். கர்ப்ப காலத்தில் தாய்க்கு என்ன சாப்பாடு, என்ன கவனிப்பு, குடும்பத்தில் என்ன நோய் என்பது பெரும்பாலும் தெரியாது. குழந்தை மருத்துவரிடம் முழுப் பரிசோதனை அவசியம். அது எல்லாவற்றையும் சொல்லிவிடாது. இரண்டு வயதில் பேச்சு வரவில்லை, நாலு வயதில் ஆட்டிசம் என்று தெரிகிறது என்றால்? வயிற்றில் பிறந்த பிள்ளைக்கும் இதே நிச்சயமின்மைதான். ஆனால் தத்துப்பிள்ளைக்கு ஒன்று வந்தால், சுற்றியிருப்பவர்கள் உடனே "எங்கேயோ பிறந்தது" என்று கதை கட்டுவார்கள். அப்போது உங்கள் கணவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

சொத்து விஷயத்தில் நம்மவர்கள் காட்டும் அலட்சியம் எனக்கு எரிச்சலூட்டும். நீதிமன்ற ஆணையுடன் தத்தெடுத்த பிள்ளை, உயில் இல்லாமல் நீங்கள் இறந்தாலும் பெற்ற பிள்ளைக்குச் சமமாகப் பங்கு பெறும். ஆணை எடுக்காமல் அண்ணன் பிள்ளையை முப்பது வருடம் சோறூட்டி வளர்த்திருந்தாலும் அதே சட்டத்தின் கண்ணுக்கு அவன் பிள்ளை இல்லை. மசே நிதியில் (மத்திய சேம நிதி) பணம் யாருக்கு என்று நியமனம் செய்யாமல் விட்டாலும் இதே கதைதான். எனவே ஆணை வந்த கையோடு உயில் எழுதுங்கள், மசே நிதி நியமனத்தைப் புதுப்பியுங்கள், உங்கள் இருவருக்கும் ஏதாவது ஆனால் பிள்ளைக்கு யார் பொறுப்பாளர் என்பதை உயிலிலேயே குறிப்பிடுங்கள். 41 வயதில் தகப்பனாகும் உங்கள் கணவருக்கு, மகன் தேசிய சேவை முடிக்கும்போது அறுபது தாண்டியிருக்கும்.

இதைப் படிக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. இதே சட்டப்படி தத்தெடுக்கலாம், வளர்க்கும் பொறுப்பெல்லாம் ஒன்றே. ஆனால் வாரிசுரிமை ஃபராயிது என்ற இஸ்லாமிய வாரிசு முறையில் போவதால் தத்துப்பிள்ளைக்கு அதில் பங்கில்லை. மூன்றில் ஒரு பங்குக்குள் வசியத்து (உயில்), உயிரோடு இருக்கும்போதே ஹிபா (அன்பளிப்பு), இவற்றை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். நிக்காஹ் வலி (திருமணத்தில் பெண்ணின் பொறுப்பாளர்), தந்தைப் பெயர் ஆகியவற்றுக்கும் மார்க்க வழிகாட்டுதல் கேளுங்கள். அப்கிம் நிலையத்தில் இதுபற்றிப் பேசத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

விடுப்பையும் பாருங்கள். தகுதியுள்ள, தத்தெடுக்கும் தாய்க்கு 12 வாரச் சம்பள விடுப்பு 2017 ஜூலையிலிருந்து உண்டு. குழந்தை 12 மாதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. நான்கு வயதுப் பெண் வந்தால் அது கிடைக்காது. உண்மையில் புது நாட்டுக்கு, புது அம்மாவிடம் வரும் நான்கு வயதுக் குழந்தைக்குத்தான் உங்கள் நேரம் அதிகம் தேவைப்படும். சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று மேலாளரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.

பிள்ளை வளர்க்கும் ஆசை இருக்கிறது, ஆனால் இதையெல்லாம் படித்ததும் மலைப்பாக இருக்கிறது என்றால் 1956இலிருந்து இங்கே வளர்ப்புப் பராமரிப்புத் திட்டம் இருக்கிறது. சொந்த வீட்டில் இருக்க முடியாத குழந்தையைச் சில மாதமோ சில வருடமோ உங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது. இந்தியக் குடும்பங்கள் இதில் இன்னும் நிறைய சேரலாம் என்பது என் ஆசை. ஆனால் குழந்தை தன் வீட்டுக்குத் திரும்புவதுதான் அங்கே நோக்கம். அதைத் தத்தெடுப்புக்குக் குறுக்கு வழியாக நினைத்துப் போனால் திரும்பி அனுப்பும் நாளில் உடைந்துபோவீர்கள்.

மிச்சம் இருப்பது மாமியார். அவரிடம் பேச வேண்டியவர் உங்கள் கணவர், நீங்கள் இல்லை. என்ன நட்சத்திரம், என்ன சாதி, சாதகம் எப்படிக் கணிப்பது, நிறம் என்ன என்று அவர் கேட்பார். கேட்கட்டும், அவர் வளர்ந்த விதம் அது. "பிறந்த நேரம் தெரியாதும்மா, சாதகம் இல்லாமலேயே வளர்ப்போம். அவன் யார் பிள்ளைன்னு யாரு கேட்டாலும் என் பிள்ளைன்னு சொல்லணும், எங்கே பிறந்தான்னு அவன் கேட்டா உண்மையைச் சொல்லணும்" என்று கணவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். முப்பத்தொன்றாம் நாள் முடிந்து பெரியாச்சி அம்மனிடம் குழந்தையைக் கொண்டுபோகும் ஆசை அவருக்கு இருந்தால், வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள். குழந்தை மடிக்கு வந்ததும் மனம் மாறும் பாட்டிகள் ஏராளம். ஆனால் அதை நம்பி மட்டும் விண்ணப்பம் போடாதீர்கள். நீங்கள் இருவரும் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் குழந்தை இருக்கப்போவது அவரிடம்தான் என்றால், அவர் வாயிலிருந்து சம்மதம் வரும்வரை காத்திருங்கள். வராது என்று தெரிந்துவிட்டால், இரண்டு மாதக் குழந்தையிலிருந்து சேர்த்துக்கொள்ளும் சிசுப் பராமரிப்பு நிலையங்கள் செங்காங்கில் எவை, எதில் இடம் இருக்கிறது என்று விசாரித்து, அந்தக் கட்டணத்தையும் வரவு செலவில் எழுதிவிட்டு விளக்க அமர்வுக்குப் பதிவு செய்யுங்கள்.